3 அங்குல சோடியம் அயோடைடு காமா நிறமாலைமானி: ஆற்று வண்டலின் வெப்பத்தைக் கணக்கிடப் போதுமா?

போதும். வண்டலிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதையும்போது பிறக்கும் வெப்பம்தான் இங்கே கேள்வி; மூன்றின் அளவு தெரிந்தால் வெப்ப உற்பத்தி கணக்கில் வந்துவிடும். அதற்கு வேண்டியவை காமா கதிர்களின் ஆற்றல் நிறமாலையில் மூன்றே உச்சங்கள்: 1461 (பொட்டாசியம்-40), 1764 (யுரேனியத்தின் வழிவந்த பிஸ்மத்-214), 2614 (தோரியத்தின் வழிவந்த தாலியம்-208) கிலோ எலக்ட்ரான் வோல்ட். சீசியத்தின் 662 உச்சத்தில் சுமார் 7% பிரிதிறன்தான் (அருகருகே உள்ள உச்சங்களைப் பிரித்துக் காட்டும் திறன்), ஜெர்மானியக் கண்டறிவியின் கூர்மை கிடையாது. ஆனால் இந்த மூன்றும் தள்ளித் தள்ளி நிற்பதால் பாதகமில்லை, ஜெர்மானியத்தைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் செலவும் மிச்சம். யுரேனியத்துக்கு 609 உச்சத்தை மட்டும் நம்ப வேண்டாம். 583-இல் தாலியமும் 662-இல் சீசியமும் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

கூர்மை கூடும் என்று லாந்தனம் புரோமைடு படிகத்தின் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: அந்தப் படிகத்திலேயே இருக்கும் கதிரியக்க லாந்தனம்-138, பொட்டாசிய உச்சத்தின் மேலேயே வந்து உட்காரும்.

பெரிய குறை, அறை வெப்பநிலை மாறினால் உச்சங்கள் நகர்வது. 12 மணி நேர அளவீட்டை ஒரே கோப்பாக எடுக்காமல் மணிக்கொரு கோப்பாகச் சேமித்து, 1461-ஐ வைத்து நேராக்கிய பிறகு கூட்டுங்கள். படிகம் ஈரம் உறிஞ்சும். பிரிதிறன் மாதாமாதம் கெட்டுக்கொண்டே வந்தால் உறையின் அடைப்பைச் சந்தேகிக்கலாம். படிகத்தின் ஒளியை மின் சைகையாக்கும் ஒளிபெருக்கிக் குழாயின் கண்ணாடியிலும் பொட்டாசியம் உண்டு என்பதால் தன் கதிர்வீச்சு குறைவான, அதாவது குறைந்த பின்புலக் குழாயாகக் கேட்டு வாங்குவது நல்லது. 10 செ.மீ. ஈயக் கவசம் தனிச் செலவு. அளவுத்திருத்தத்துக்கு ஐஏஇஏ-வின் (பன்னாட்டு அணுசக்தி முகமை) அளவு தெரிந்த யுரேனிய, தோரிய, பொட்டாசிய மாதிரிகளான ஆர்ஜியு-1, ஆர்ஜிடிஎச்-1, ஆர்ஜிகே-1 மூன்றும் வேண்டும். தோரியத்தின் சிதறல் மற்ற இரண்டு சன்னல்களிலும் (உச்சத்தைச் சுற்றி எண்ணும் ஆற்றல் எல்லைகள்) எவ்வளவு விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தவறு பெரும்பாலும் கருவியில் நடப்பதில்லை, மாதிரி டப்பாவில் நடக்கிறது. வண்டலை 105 டிகிரியில் எடை மாறாதவரை உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே காற்றிடம் இல்லாமல் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி 4 வாரம் வையுங்கள். யுரேனியத் தொடரில் பிஸ்மத்துக்கு முன் பிறக்கும் வாயு ரேடான்; அது டப்பாவுக்குள் சேர்ந்து சமநிலைக்கு வரத்தான் இந்தக் காத்திருப்பு. ரேடானின் அரைவாழ்வு 3.8 நாள், மூடி கசிந்தால் அது வெளியேறி யுரேனியம் குறைவாகக் காட்டும். தோரியத் தொடரின் ரேடானான தோரான் 56 நொடியில் பாதியாகிவிடுவதால் தோரிய எண் அவ்வளவாக அசையாது. மறு அளவீட்டில் யுரேனியம் மட்டும் இறங்கினால் முதலில் மூடியைப் பாருங்கள்.

இனி கணக்கு. கன மீட்டருக்கு மைக்ரோவாட்டில் வெப்பம் = அடர்த்தி × (9.52 யு + 2.56 தோ + 3.48 பொ) ÷ 1,00,000. அடர்த்தி கிலோ/கன மீட்டரில், யு (யுரேனியம்), தோ (தோரியம்) பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), பொ (பொட்டாசியம்) சதவீதத்தில். யு 2.5, தோ 10, பொ 2 என்று வந்தால் அடைப்புக்குள் 56.36. பாறைப் பழக்கத்தில் 2650 போட்டால் 1.49 கிடைக்கும். ஆனால் 40% துளையுள்ள வண்டலின் உலர் அடர்த்தி 1590, விடை 0.90தான்.

கருவி பார்ப்பது யுரேனியத்தை அல்ல, அதன் வழிவந்த பிஸ்மத்தை. ஆற்று நீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போயிருந்தால் பிபிஎம் எண் பொய்யாகும். வெப்பக் கணக்கு அந்த அளவுக்குக் கெடாது. அந்தத் தொடரின் வெப்பத்தில் பாதிக்கு மேல் ரேடியத்துக்குப் பிந்தைய சிதைவுகளில் பிறக்கிறது.

ஈயம்-210 கொண்டு வண்டலின் வயதும் காண நினைப்பவர்களுக்கு இது உதவாது. 46.5 உச்சத்துக்கு ஜெர்மானியமே கதி.