பழைய மடிக்கணினியில் தடங்கலில்லாத வீடியோ: சுங்கை சிப்புட்டில் என் அனுபவம்

வீடியோ நின்று நின்று ஓடினால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "லைன் சரியில்லை" என்றுதான் சொல்வார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020இல், பிள்ளைகளின் வகுப்புக்காகப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். இன்டெல் ஐ5, 4ஆம் தலைமுறை, 8 ஜிபி ரேம். இன்றும் வீட்டில் அதுதான் ஓடுகிறது. அதோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூடுதல் காசு கொடுத்து வேகமான பேக்கேஜுக்கு மாறுவதற்கு முன்னால், தடங்கல் எங்கே என்று ஒருமுறை பாருங்கள்.

நடுவில் வட்டம் சுற்றி, படமும் பேச்சும் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் லைன்தான். வட்டமே வராமல் படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடி, பேச்சு ஒழுங்காகக் கேட்டால் கணினி திணறுகிறது. யூடியூப்பில் வீடியோவின் மீது வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் சந்தேகமே இருக்காது. 'பஃபர் ஹெல்த்' என்ற வரி, இன்னும் எத்தனை வினாடி வீடியோ கைவசம் இருக்கிறது என்று காட்டும். அது பூஜ்யத்துக்கு இறங்கினால் லைன். அது தாராளமாக இருக்கும்போதே, 'ஃபிரேம்ஸ்' வரியில் 'டிராப்ட்' என்று காட்டும் எண், அதாவது காட்டாமல் விட்ட படங்களின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனால் கணினி.

என் கணினியில் ஏறியது இந்த இரண்டாவது எண்தான். அதே பெட்டியில், வீடியோ எந்த வடிவில் சுருக்கப்பட்டு வருகிறது என்று காட்டும் 'கோடெக்ஸ்' வரியில் வீபி9 என்றிருந்தது. யூடியூப் பெரும்பாலும் வீபி9 அல்லது ஏவி1 வடிவில் வீடியோவை அனுப்புகிறது. இன்டெல் சிப்களில் வீபி9ஐ முழுமையாக வன்பொருளிலேயே (அதற்கென்றே சிப்பில் உள்ள தனிப் பகுதியில்) விரிக்கும் வசதி 7ஆம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1க்கு 11ஆம் தலைமுறை. அதற்கு முந்தைய கணினியில் அந்தப் பாரத்தில் பெரும்பகுதி பிராசஸர் தலையில் விழும். காற்றாடி இரைவதும் அடிப்பக்கம் கொதிப்பதும் அதனால்தான். ஆனால் எச்.264 என்ற பழைய வடிவத்தை இந்தச் சிப் அலுங்காமல் விரிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் 'எச்264இஃபை' என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) சேர்த்தேன், யூடியூப் எச்.264இலேயே அனுப்பத் தொடங்கியது. 1080பி வீடியோ அன்றிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, காற்றாடியும் அடங்கிவிட்டது. இதில் ஒரு விலை உண்டு. அதே தரத்துக்கு எச்.264 அதிக டேட்டா இழுக்கும், 1080பியைத் தாண்டிய தரமும் கிடைக்காது. வீட்டில் ஃபைபர் இருப்பவர்களுக்கு அது பொருட்டே இல்லை.

தோட்டத்தில் இருக்கும் அத்தை வீட்டில் கதை வேறு. அங்கே 4ஜி மோடம் மட்டும்தான். சுற்றிலும் ஆளுயரத்தைத் தாண்டிய செம்பனை, மழை பெய்து ஓலை நனைந்துவிட்டால் சிக்னல் இன்னும் குறையும். இரவு எட்டு மணிக்கு மேல் லயத்தில் எல்லோரும் ஒரே டவரைப் பிடிப்பதால் வேகம் படுத்துவிடும். மோடத்தை டிவி மேசையிலிருந்து எடுத்து, டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் உயரமாக வைத்தோம். வீடியோவை 'ஆட்டோ'வில் விடாமல் 480பியில் நிறுத்தினோம். 480பிக்கு வினாடிக்கு ஏறக்குறைய 1 மெகாபிட் போதும், 1080பிக்கு 5 வேண்டும். அத்தை இப்போது கோயில் திருவிழா நேரலையை முழுசாகப் பார்க்கிறார்.

ஒலியில் வந்த தொல்லைதான் என்னை நிறைய நாள் அலைக்கழித்தது. அப்பாவுக்குக் காலையில் மின்னல் எஃப்எம் கேட்டாக வேண்டும். இணைய வானொலிக்கு வேகம் அதிகம் வேண்டியதே இல்லை, 128 கிலோபிட் இருந்தாலே தெளிவாகப் பாடும். இருந்தும் புளூடூத் ஸ்பீக்கரில் செய்தி அறுந்து அறுந்து வரும். "பேட்டரி வீக்கா இருக்குய்யா" என்று அப்பா ஸ்பீக்கரை உள்ளங்கையால் தட்டுவார். பேட்டரியில் குறையே இல்லை. புளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை, ஒரே கணினியில் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்றை ஒன்று இடிக்கும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் அறுபடுவது நின்றது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும், பின்னறைக்குப் போனால் லைன் கிடைக்காது. கடைசியில் ரவுட்டரிலிருந்து பின்னறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டேன். இத்தனை ஆண்டில் செய்ததில் இதற்கு இணையாக எதையும் சொல்லமாட்டேன். முடிந்தால் நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இந்தக் கணினி விண்டோஸ் 11 ஏற்காத ரகம் என்பதால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டுக்கு மாறினேன். இன்டெல் சிப்பில் வன்பொருள் வழியாக வீடியோ விரிக்கும் வசதி, லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் 2023இல் வந்த 115ஆம் பதிப்பு முதல் தானாகவே இயங்குகிறது. எச்264இஃபையை அங்கும் சேர்த்தேன், படம் முன்போலவே ஓடுகிறது. புதிதாகப் பழைய கணினி தேடுபவர்கள் 8ஆம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே இறங்க வேண்டாம். வீபி9 தொல்லையும் இருக்காது, விண்டோஸ் 11உம் ஏறும்.