சலமங்காவில் இரண்டு ஆண்டு: படிப்பும் ராத்திரியும்

ஸ்பெயினின் சலமங்கா நகரத்தில் முதுநிலைப் படிப்புக்காக இரண்டு ஆண்டு இருந்தேன். போவதற்கு முன்னால் தேடிப் படித்ததில் பாதி "பார்ட்டி நகரம்" என்றது. மீதி, 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பெருமையைச் சொன்னது. இரண்டும் உண்மைதான். ஆனால் குடிப் பழக்கம் இல்லாத, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்த ஊர் ராத்திரி எப்படி இருக்கும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. நான் தேடியபோது கிடைக்காத அந்த விவரத்தை இப்போது எழுதி வைக்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. இதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரை, பத்துக்கு. ஸ்பெயின் 1940 முதல் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுகிறது. சலமங்காவோ மேற்கே, போர்ச்சுகல் பக்கம் இருக்கிற ஊர். ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே கிட்டத்தட்ட 10 மணி ஆகிவிடும். வெளிச்சம் இருக்கும்போது யார் போய்ப் படுப்பார்கள்?

முதல் மூன்று வாரம் எனக்கு ஏழரைக்கே பசித்தது. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற நேரத்தில்தான் வீட்டில் இருந்த மற்ற மூன்று பேரும் வெங்காயம் நறுக்க ஆரம்பிப்பார்கள். ஸ்பெயினின் கலீசியா பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், ஒரு இத்தாலியப் பையன், மெக்சிகோவிலிருந்து வந்த ஒருத்தி. "நீ சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள், நான் தலையாட்டிவிட்டு அறைக்குப் போய்விடுவேன். நான்காவது வாரம் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு ரொட்டித் துண்டும் காபியும் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தள்ளினேன். அவ்வளவுதான் செய்தேன். எனக்கு நண்பர்கள் கிடைத்தது அந்த அடுப்பு மேடையில்தான். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

ஊரின் நடுவில் பிளாசா மயோர் என்ற பெரிய சதுக்கம். 1729-இல் கட்டத் தொடங்கி 1755-இல் முடித்தார்கள். பக்கத்து வில்லமயோர் ஊரில் வெட்டிய மணற்கல், பகலில் வெளிறிய மஞ்சளாகத் தெரியும், ராத்திரி விளக்குப் போட்டதும் பொன்னாகிவிடும். "எங்கே சந்திப்போம்?" என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. "தெபாஹோ தெல் ரெலோஹ்", அதாவது கடிகாரத்துக்குக் கீழே. நகராட்சிக் கட்டிடத்தின் மேல் இருக்கிற கடிகாரம் அது. பேத்தியைக் கூட்டிவந்த பாட்டி, முதல் வருஷ மாணவர்கள், வேலை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். ராத்திரி 11 மணிக்குக் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் என் பயம் விட்டது. இது குடிக்கிறவர்களின் ராத்திரி மட்டும் இல்லை, ஊரே வெளியே வந்து உட்காருகிற ராத்திரி.

சாப்பிட வான் டைக் தெரு. பழைய ஊருக்கு வடக்கே நடந்து போகிற தூரம்தான். ஒரு பானம் வாங்கினால் பிஞ்சோ என்று ஒரு கைக்கடக்கமான பண்டமும் தட்டில் வரும். நான் இருந்தபோது இரண்டும் சேர்த்து இரண்டரை யூரோவுக்குள் முடிந்தது. மூன்று கடை ஏறி இறங்கினால் ராத்திரிச் சாப்பாடு ஆகிவிடும். சான்ஃபைனா என்று ஒன்று உண்டு: ஆட்டு உள்ளுறுப்புகளும் ரத்தமும் சேர்த்துச் செய்கிற சோறு. முதல் வாய் வைத்ததும் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியல் நினைவு வந்து தொண்டை அடைத்தது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம். பன்றி இறைச்சி எதில் இருக்கும் எதில் இருக்காது என்று சொல்ல முடியாது, கேட்டே வாங்குங்கள். முட்டை சாப்பிட்டால் தோர்த்தியா என்கிற உருளைக்கிழங்கு முட்டை அடை எல்லா இடத்திலும் கிடைக்கும்.

குடிக்காமல் எப்படி என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். "மோஸ்தோ" என்று கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு, ஒயின் குடிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே கண்ணாடிக் கோப்பையில் தருவார்கள். இரண்டு ஆண்டில் ஏன் குடிக்கவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர், அவர்களும் ஒரு முறைதான் கேட்டார்கள்.

மாணவர்களின் ராத்திரி வியாழக்கிழமை. வார இறுதியில் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் அதற்கு முந்தைய ராத்திரியில் கூடுகிறார்கள். 11 மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் சேர்வார்கள். சிவப்பு ஒயினில் கோலா கலந்த கலிமோச்சோ பிளாஸ்டிக் கோப்பைகளில் சுற்றும். 1 மணிக்கு மதுக்கூடம், 3 மணிக்கு டிஸ்கோ, 6 மணிக்குச் சூடான சாக்லேட்டில் தோய்த்த சுரோ என்கிற எண்ணெய்ப் பலகாரம், அப்புறம் வீடு. முதல் மூன்று மாதம் ஒரு வியாழனையும் விடவில்லை. அதற்குப் பிறகு டிஸ்கோ எனக்கு அலுத்துவிட்டது. உள்ளே பாட்டுச் சத்தத்தில் ஒருவர் பேசுவதும் கேட்காது, நான் வந்ததோ பேசுவதற்கு. 1 மணிவரை கூட இருந்துவிட்டுக் கழன்றுகொள்ளப் பழகினேன். கிளம்பும்போது யாராவது ஒருவர் "போய்ச் சேர்ந்ததும் சொல்" என்பார். செய்தி போகவில்லையென்றால் போன் வரும். விளக்கு எரிகிற தெருக்களில் நான் தனியாக நடந்து வந்த எந்த ராத்திரியிலும் எனக்குத் தொல்லை நேரவில்லை.

கடைசிவரை அலுக்காமல் இருந்தது நடைதான். பேராலயத்தைத் தாண்டி ரோமானியப் பாலம் வரை போய்த் திரும்புவோம். வழியெல்லாம் சுவர்களில் செந்நிறத்தில் பெயர்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்களின் பெயரை அந்தக் காலத்தில் காளை ரத்தம் கலந்து எழுதி வைப்பார்களாம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கோபுரங்களின் மேல் கூடு கட்டியிருக்கிற நாரைகள் அலகைத் தட்டும். கொட்டாங்குச்சி இரண்டை வேகமாக மோதுகிற மாதிரி அந்தச் சத்தம். அந்த நடைகளில்தான் எனக்கு ஸ்பானிஷ் வந்தது. வகுப்பில் இலக்கணம் தெரிந்தது. ஆனால் ஒருத்தி தன் அப்பாவின் நோயைப் பற்றிச் சொல்லும்போது இடையில் என்ன சொல்வது, எப்போது சும்மா இருப்பது என்பதைப் பாலத்தில் நடந்துதான் கற்றேன். விடைபெறும்போது "வெங்கா, வெங்கா" (சரி, சரி) என்று நான்கு முறை சொல்லியும் கால் மணி நேரம் நிற்பார்கள். நம் வீட்டு வாசலில் நிற்பது போலத்தான்.

இதற்கெல்லாம் நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு ஒரு பாடம் இருந்தது. அதில் முதல் பருவத்தில் பத்துக்கு 4.2 வாங்கினேன், தேர்ச்சிக்கு 5 வேண்டும். மறுதேர்வு எழுதித் தேறினேன் என்றாலும் வீட்டுக்குச் சொன்ன நாள் நன்றாக இல்லை. வெள்ளிக்கிழமைக் காலையில் வகுப்பு வராமல் பாடங்களை எடுக்க முடியுமானால் எடுங்கள். பேராசிரியர்களை "தூ" என்று ஒருமையில் அழைக்கச் சொல்வார்கள். எனக்கு வாய் வர ஒரு பருவம் ஆயிற்று.

அறை விஷயத்தில் தப்பு செய்தேன். மதுக்கூடங்கள் இருக்கிற தெருவுக்கு மேலேயே எடுத்தேன், மாதம் 280 யூரோ. 2011 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை என்பதால் கூட்டம் முழுக்க வெளியே, என் ஜன்னலுக்குக் கீழே நிற்கும். நான் போகாத ராத்திரியும் எனக்குத் தூக்கம் இல்லை. ஊர் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். கட்டிடத்தின் பொது வெப்பமூட்டியோ 11 மணிக்கு நின்றுவிடும். போகும்போது முன்பணத்திலும் பாதியைச் சுவரில் கறை என்று சொல்லி வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். குடிபுகுந்த அன்றே ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து அவருக்கே அனுப்பி வையுங்கள். இரண்டாம் ஆண்டு கர்ரீதோ பகுதிக்கு மாறினேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

தவறவிடக்கூடாத நாள் இரண்டு. டிசம்பரில் ஒரு வியாழன் மாணவர்களுக்கென்று முன்கூட்டியே புத்தாண்டு வரும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போவதற்கு முன்னால், ஸ்பெயினில் புத்தாண்டு நள்ளிரவு மணிக்குத் தின்கிற 12 திராட்சைக்குப் பதில் 12 மிட்டாய். கூட்டம் நெரியும், ஓரமாக நில்லுங்கள். ஈஸ்டர் ஞாயிறுக்கு எட்டு நாள் கழித்து வரும் திங்கள் லூனஸ் தே அகுவாஸ் திருநாள். தோர்மெஸ் ஆற்றங்கரையில் ஊரே துணி விரித்து உட்கார்ந்து, இறைச்சி வைத்துச் சுட்ட ஓர்னாசோ ரொட்டியைப் பங்கிட்டுத் தின்னும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஆற்றுக்கு அப்பால் அனுப்பப்பட்ட பாலியல் தொழிலாளிகள் திரும்பி வரும் நாளை மாணவர்கள் கொண்டாடியதாக அதற்குக் கதை சொல்வார்கள். எனக்கு அந்தப் பெண்களை நினைத்து வருத்தமாக இருந்தது. ஆனாலும் ஆற்றங்கரையும் பிரித்துக் கொடுத்த ரொட்டியும் மனதில் நிற்கின்றன.

கடைசி ராத்திரி ஜூன் மாதம். சதுக்கத்துக் கல்தரையில் உட்கார்ந்திருந்தோம், நள்ளிரவிலும் கல்லில் பகல் சூடு மிச்சம் இருந்தது. அந்த ஊரில் "கடைசிக் கோப்பை" என்று சொல்ல மாட்டார்கள், "லா பெனுல்த்திமா", கடைசிக்கு முந்தையது என்பார்கள். நாம் "போகிறேன்" என்று சொல்லாமல் "வருகிறேன்" என்பதை விளக்கினேன். கலீசியத் தோழி அதைத் தமிழிலேயே சொல்லிப் பார்த்தாள். விடிகாலைப் பேருந்துக்கு மூன்று பேரும் நிலையம் வரை நடந்து வந்து பெட்டியை ஏற்றினார்கள். பேருந்து கிளம்பும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று "வர்றேன்" என்றாள்.