உபுண்டு 22.04.5 இன்ஸ்டாலர்: பில் புரோகிராம் பழசு, லேப்டாப் புதுசு

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை செய்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். அவர்களுடைய பில் புரோகிராம் உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் சிஸ்டம்) 22.04-இல் ஓட்டிப் பழகியது, அதனால் புது லேப்டாப்பிலும் அதுவேதான் வேண்டும் என்றார்கள்.

என் பையில் இருந்தது 2022 ஏப்ரலில் வந்த முதல் இன்ஸ்டாலர், கெர்னல் (ஹார்ட்வேரை இயக்கும் சிஸ்டத்தின் மையப் பகுதி) 5.15. பூட் ஆனது, வைஃபை மட்டும் வரவே இல்லை. உள்ளே இருந்தது ரியல்டெக் 8852பிஇ வைஃபை சிப். அதற்கான டிரைவர் கெர்னலுக்குள் சேர்ந்ததே 6.2-இல்தான், 5.15-க்கு எப்படித் தெரியும்? லேன் போர்ட்டும் இல்லை. போனை யுஎஸ்பியில் மாட்டி நெட் எடுக்கலாம் என்றால் வளவுக்குள் சிக்னல் நிற்கவில்லை, அந்தச் சுவர்களின் கனம் அப்படி. புது கெர்னல் இறக்க நெட் வேண்டும், நெட் வரப் புது கெர்னல் வேண்டும். பெட்டகத்துச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதைதான்.

மறுநாள் 22.04.5 போட்ட பென்டிரைவோடு போனேன். இது அதே 22.04-இன் புதுப்பித்த இன்ஸ்டாலர், 2024 செப்டம்பரில் வந்தது, இதிலேயே பிந்தைய பதிப்பான 24.04-இன் 6.8 கெர்னல் இருக்கிறது. மற்றதெல்லாம் அதே 22.04, அதனால் பில் புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியவில்லை. முதல் திரையிலேயே வீட்டு வைஃபை பெயர் வந்தது. "என்ன தம்பி, வந்துருச்சா?" என்று ஆச்சி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கெர்னல் கையொப்பத்தோடு வருவதால் செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாததைப் பூட் ஆக விடாத பாதுகாப்பை) அணைக்க வேண்டியதில்லை. வெளி டிரைவரை நாமே கம்பைல் செய்து போட்டால் அதன் கையொப்பத்துக்கு லேப்டாப்பில் கீ பதிய வேண்டும், கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அது திரும்பவும் சரியாகக் கம்பைல் ஆகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்காக நான் ஒவ்வொரு தடவையும் கானாடுகாத்தான் போய்வர முடியாது.

இன்னொரு லினக்ஸான டெபியன் 12-க்கும் பேக்போர்ட்ஸில் (பழைய பதிப்புக்குப் புது மென்பொருள் தரும் தொகுப்பில்) புது கெர்னல் உண்டு. ஆனால் அதன் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலர் 6.1 கெர்னலோடு வருகிறது, போட்டு முடித்த பிறகுதான் மாற்ற முடியும். இந்த லேப்டாப்புக்கு அது உதவாது.

சர்வர் பதிப்பு எடுப்பவர்கள் கவனிக்க: அது தானாகவே 5.15-ஐத்தான் போடும், பூட் மெனுவில் ஹெச்டபிள்யூஇ (புது ஹார்ட்வேருக்கான கெர்னல்) என்று இருப்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம், 22.04-இல் இந்த 6.8-தான் கடைசி, 2027 வரை அதற்குத்தான் அப்டேட். அதைவிடப் புது சிப் உள்ள மெஷின் என்றால் நேராக 24.04-க்கே போய்விடுங்கள்.