கடற்காற்றில் எந்த கேஸ் அடுப்பு நிற்கும்?

ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கரையிலும் தனுஷ்கோடி போகும் வழியிலும் மீன் பொரித்து விற்க நினைப்பவர்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும் இரட்டை பர்னர் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வருவது ஒன்று. வார்ப்பிரும்பு பர்னர் வைத்த பெரிய அடுப்பு, ஹை பிரஷர் ரெகுலேட்டர், 19 கிலோ சிலிண்டர் என்று வாங்குவது இன்னொன்று.

வீட்டு ஸ்டவ் குறைந்த அழுத்தத்தில் எரிவது. சுடர் மெலிது. ஆடிக்காற்று மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து மணலை வாரி அடிக்கும்போது ஒரே வீச்சில் அணைந்துவிடும். எண்ணெய் ஆறிப்போவது பெரிய விஷயமில்லை. குமிழ் திறந்தே கிடக்கிறது, கேஸ் வந்துகொண்டே இருக்கிறது, அதுதான் ஆபத்து. மலைப்பகுதி விடுதிகளின் வெளிமுற்றத்தில் குளிர்காய வைக்கும் கேஸ் ஹீட்டரில் இதற்கென்று தீயின் சூட்டை உணரும் ஒரு தெர்மோகப்பிள் உண்டு. தீ அணைந்து அது ஆறியதும் வால்வு மூடிக்கொள்ளும். பற்றவைத்த பிறகும் குமிழைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது, அது சூடேறுவதற்காகத்தான். நம் கடை அடுப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது. ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பெரிய அடுப்பின் சுடர் காற்றுக்கு அவ்வளவு எளிதில் பணியாது. கடைக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் பற்றவைக்கும்போது அதிகக் கவனம் கேட்கும். முதலில் நீளக் கைப்பிடி லைட்டரின் தீயை பர்னர் அருகே கொண்டுபோய், அப்புறம்தான் குமிழைக் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். கேஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினால் குப்பென்று பிடிக்கும். காற்று வரும் பக்கம் முதுகு இருக்கட்டும், முகத்தை பர்னருக்கு மேலே நீட்டாதீர்கள். சில சமயம் எதிர்காற்றில் தீ உள்ளே போய், கேஸ் பீய்ச்சும் சிறு துளையான ஜெட் அருகே இரைச்சலோடு எரியும். உடனே மூடி, பர்னர் ஆறிய பிறகு மறுபடி ஏற்றுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான விஷயம், மறைப்பு. பனையோலைத் தட்டி வேண்டாம், தகரம் போதும். அதையும் காற்று வரும் பக்கம் மட்டும் வையுங்கள். சிலிண்டரையும் சேர்த்து நாலு பக்கமும் அடைத்துவிட்டால், காற்றைவிடக் கனமான கேஸ் கீழேயே தங்கிவிடும். அணைந்த அடுப்பை ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிடமாவது விடச் சொல்வதும் அதனால்தான்.

சரி, 5 கிலோ சிலிண்டர்? குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்து டீயும் மீனும் போட அது நல்லது. அதில் பெரிய பர்னரை மாட்டினால் கேஸை வேகமாக இழுத்து உருளை குளிர்ந்து, வெளியே வியர்த்து, சுடர் தொய்ந்துவிடும். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு, அந்த யோசனையே வேண்டாம்.

எந்த அடுப்பானாலும் உப்புக்காற்று விடாது. பர்னர் துளைகளில் துரு அடைக்கும், ரெகுலேட்டர் இறுகும். இரவில் முதலில் சிலிண்டர் பக்கம் மூடி, குழாயில் மிச்சமிருப்பது எரிந்து அணைந்த பிறகு அடுப்புக் குமிழைத் திருப்புங்கள். காலையில் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அன்றைக்கு அடுப்பைத் தொடாமல், கசிவுக்கான உதவி எண் 1906-க்கு அழையுங்கள்.