வரையறையை எங்கே திருத்துவது: அறையிலா, முற்றத்திலா?

ஒரு கருத்தாக்கத்தைத் திருத்த நினைக்கும் தத்துவவாதிக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, நோக்கத்தை முடிவு செய்துவிட்டு வரையறையைத் தானே எழுதுவது. 2000இல் அமெரிக்கத் தத்துவவாதி சாலி ஹாஸ்லாங்கர் 'பெண்' என்பதை அப்படித்தான் திருத்தினார். பெண்ணுடல் என்று பார்க்கப்படுவதாலேயே சமூகத்தில் கீழே தள்ளப்படுபவர் பெண். ஒடுக்குமுறையை நேராகச் சுட்டும் துணிச்சலான வரையறை. எனக்கு இன்றும் அதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு ஆணாகத் தெரியும் திருநங்கை இதற்குள் வரமாட்டார். தத்துவவாதி கேத்தரின் ஜென்கின்ஸ் இதை விரிவாக எழுதியது 2016இல்தான்.

இரண்டாவது, 1990களில் பாட்யா ஃப்ரீட்மன் குழுவினர் கணினித் துறையில் வளர்த்த மதிப்புசார் வடிவமைப்பு. பயன்படுத்துபவரை மட்டுமல்ல, பயன்படுத்தாமலே பாதிக்கப்படுபவரையும் கணக்கில் எடுக்கும் முறை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் உள்ளறையில் பெரிய திரை வைத்து, வெளியே இருந்த முற்றத்தை நேரலையாகக் காட்டினார்கள். அறையில் இருந்தவர்களுக்கு அது சன்னல் மாதிரி. அதோடு நிற்காமல், தாங்கள் இப்படித் திரையில் காட்டப்படுவது பற்றி முற்றத்தில் நடந்து போனவர்களிடமும் கேட்டார்கள். அதை ஏற்க ஆண்களைவிடப் பெண்களே அதிகம் தயங்கினார்கள். அறைக்குள் உட்கார்ந்து யோசித்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

வரையறைக்கும் அப்படி ஒரு முற்றம் உண்டு: அதை எழுதாமலே அதனால் பாதிக்கப்படுபவர்கள் இருக்கும் இடம். அவர்களிடமும் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர்கள் முரண்பட்டால் யார் பக்கம் நிற்பது என்பதை இந்த முறை தானாகச் சொல்லிவிடாது. அங்கே முதல் வழியின் வாதத்திறன் கட்டாயம் வேண்டும். சரி, எதில் தொடங்குவது? முற்றத்தில்தான். 'பெண்' என்ற சொல்லைத் திருத்துவதென்றால், முதல் வரைவுக்கு முன்பே திருநங்கைகளிடம் பேசியிருக்க வேண்டும்.