சென்னையில் சீமை அத்தி: குச்சியா, விண்பதியமா, ஒட்டுக்கன்றா?

சீமை அத்தியை மாடியிலோ கொல்லையிலோ வளர்க்க விரும்பும் சென்னைவாசிகளுக்கு மூன்று வழிகள் உள்ளன. முற்றிய கிளையைக் குச்சியாக வெட்டி நடலாம். தாய்மரத்திலேயே விண்பதியம் கட்டி, வேர் வந்த பின் அறுத்தெடுக்கலாம். நாட்டு அத்தியின் மீது ஒட்டுக் கட்டிய கன்றை வாங்கி வைக்கலாம். எளிதில் வேர்விடும் ரகமாக இருந்தால் இம்மூன்றில் எதுவும் பலன் தரும். வேர்விட்டுப் புறப்படவே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ரகம் கைக்கு வரும்போது, தேர்ந்தெடுத்த வழியைப் பொறுத்தே கன்று பிழைக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாய்மரம் எட்டும் தொலைவில் இருந்தால் விண்பதியமே மேல், அது முடியாதபோதுதான் குச்சி, கடலோர மணலில் தரையில் நடுவதானால் ஒட்டுக்கன்று.

தாமதத்துக்கு ரகத்தின் குணம் ஒரு காரணம். பிரவுன் டர்க்கி என்னும் ரகத்தின் பென்சில் பருமனுள்ள குச்சி, சூழல் ஒத்துவந்தால் மூன்று நான்கு வாரங்களில் வேர்விட்டுவிடும். மகாராஷ்டிர மாநிலத்து விவசாயிகள் அத்தியைப் பெருக்குவது பெரும்பாலும் குச்சியிலிருந்துதான். பிளாக் மடைரா போன்ற ரகங்களோ துளிர்த்த பின்னும் இரண்டு மூன்று இலைகளோடு நீண்ட காலம் அப்படியே நிற்கும். அந்த ரகத்தில் பரவலாகக் காணப்படும் தேமல் நச்சுயிரியும் இதற்கு ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனாலும், நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த குச்சியாலும் அது பரவுகிறது. குச்சி, பதியம், ஒட்டு எதுவானாலும் தாய்மரத்தின் நச்சுயிரி கூடவே வந்துவிடும் என்பதால், மஞ்சள் திட்டும் கோணலும் உள்ள இலைகளைத் தாங்கிய மரத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

குச்சியின் பெரிய நன்மை, அது எங்கிருந்தும் வரும் என்பதே. ஈரத் தாளில் சுற்றிய, நான்கு கணுக்கள் கொண்ட ஒரு சாண் குச்சி கூரியரில் ஊர் கடந்து வந்து சேர்கிறது, செலவும் குறைவு. ஆனால் முருங்கைப் போத்து நட்டுப் பழகிய கை, அத்திக் குச்சியையும் அதே கணக்கில் தொட்டி மண்ணில் செருகிவிடுகிறது. முருங்கை அதைப் பொறுத்துக்கொள்ளும், அத்தி பொறுக்காது. சென்னையின் வெப்பத்தில், குச்சிக்குள் சேமித்திருக்கும் சத்தைக் கொண்டு மொட்டு முதலில் விரிந்துவிடுகிறது, வேர் பின்தங்கிவிடுகிறது. துளிரைக் கண்டவர்கள் செடி பிடித்துவிட்டது என்று நம்பித் தொட்டியை வெயிலுக்கு நகர்த்துகிறார்கள். இலை நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க, உறிஞ்சித் தர வேர் இல்லாததால், குச்சி சில நாட்களில் துவண்டு போகிறது. மெதுவாகப் புறப்படும் ரகங்களில் இலைக்கும் வேருக்கும் இடையிலான இந்த இடைவெளி இன்னும் நீளும். அவற்றின் குச்சிகள் சென்னையில் அதிகமாக மடிவது இதனால்தான்.

ஆகவே குச்சியை நடுபவர்கள் இலையை விட்டுவிட்டு வேரைக் கவனிக்க வேண்டும். அதற்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. அடியில் துளையிட்டு, பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் ஈரத்தில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, வெட்டுவாயில் வடியும் பால் உலர்ந்த பிறகு குச்சியை நட்டு, முழுவதையும் ஒரு பையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். முதலில் பட்டையின் மேல் அரிசிக் குருணை அளவில் வெண்புள்ளிகள் புடைக்கும். அவற்றையே வேர் என்று எண்ணிவிடக் கூடாது. பின்னர் டம்ளர் சுவரோரம் நூல் போன்ற வெள்ளை வேர்கள் ஓடும். அவை கிளைத்துப் பழுப்பேறத் தொடங்கும்போது பையைச் சிறிது சிறிதாகத் திறந்து, ஒரு வாரம் பழக்கிய பின்னரே தொட்டிக்கு மாற்றலாம். அதற்கு முன் குச்சியை ஆட்டியோ இழுத்தோ பார்த்தால் அந்த வேர்கள் முறிந்துவிடும். அடிப்பகுதி கறுத்துப் புளித்த வாடை வந்தால் குச்சி அழுகிவிட்டது என்று பொருள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்நகரத்தில் பலரது குச்சிகள் இதனால்தான் வீணாகின்றன. திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதியாக இருக்கக்கூடும், ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரிலும் உப்பு திரண்டிருக்கும். வேரூன்றிய அத்தி மரம் ஓரளவு உப்பைத் தாங்கும் என்றாலும் வேரில்லாத குச்சியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருப்பதால், நல்ல நீரில் பல முறை அலசிப் பிழிந்த பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும். பருவத்தைப் பொறுத்தவரை, வேர் விடுவதற்கு ஏறத்தாழ 22 முதல் 27 டிகிரி வெப்பம் ஏற்றது. சென்னையில் அதற்கு நெருங்கி வருவது மார்கழியும் தையும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். அக்னி நட்சத்திர நாட்களில் குச்சி நடவே கூடாது.

விண்பதியத்தில் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி இல்லை. முற்றிய கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, அந்த இடத்தைச் சுற்றி ஈரமான தேங்காய் நாரோ பாசியோ வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டினால், இலைகள் தயாரிக்கும் உணவு கீழே இறங்க வழியின்றி வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கி, அங்கே வேர் கிளம்பும். உள்ளே இருக்கும் மரப்பகுதி வழியாகத் தாய்மரம் நீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வேர் வர ஒரு மாதமானாலும் மூன்று மாதமானாலும் கிளை வாடாது. தாமதம் உயிரைப் பறிக்காத வழி இது ஒன்றே என்பதால்தான், மெதுவான ரகங்களுக்கு இதை நான் வலியுறுத்துகிறேன். அறுத்தெடுக்கும்போதே கன்று கட்டைவிரல் பருமனில் இருக்கக்கூடும். குச்சியிலிருந்து வந்ததை விட விரைவாகக் காய்க்கவும் செய்யும். தாய்மரத்துக்குச் சொந்தக்காரர் இசைய வேண்டும், ஒரு மரத்தில் சில கிளைகளுக்கு மேல் கட்ட முடியாது என்பவை இதன் குறைகள். அறுத்த பின் இலைகளில் பாதியைக் களைந்து, இரண்டு வாரமாவது நிழலில் வைக்க வேண்டும்.

குச்சியைக் கண்ணாடிப் புட்டித் தண்ணீரில் நிறுத்துவதும் பரவலான பழக்கம்தான். வேர் வரும், ஆனால் நீரில் வளர்ந்த வேர் மண்ணுக்கு மாறும்போது பெரும்பாலும் சோர்ந்துவிடுவதால் மெதுவான ரகத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒட்டுக்கன்றின் தேவை மண்ணின் கீழே இருந்து எழுகிறது. மணற்பாங்கான நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழுக்கள் எளிதில் பெருகும். சொந்த வேரில் நிற்கும் சீமை அத்தி அவற்றுக்கு இலகுவாக இரையாகி, நன்றாக வளர்ந்த பிறகும் காரணம் தெரியாமல் தேய்ந்துகொண்டே போகும். நாட்டு அத்தியின் வேர் அப்புழுக்களை நன்கு தாங்கும். பெசன்ட் நகர் முதல் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை தரையில் நடுபவர்கள் விலை கூடுதலானாலும் இதையே தேட வேண்டும். புதிய மண்கலவை நிரப்பிய மாடித்தொட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஒட்டுக்கன்றை வாங்கியவர்கள் ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே முளைக்கும் துளிர்களை அடிக்கடி பார்க்க வேண்டும். சீமை அத்தியின் இலை சொரசொரப்பாகவும் விரல்விரலாகப் பிரிந்தும் இருக்கும். பிரிவில்லாத, மழமழப்பான நீள் இலை கீழிருந்து கிளம்பினால் அது நாட்டு அத்தி. அது மேலே கட்டிய ரகத்தை அமுக்கிவிடும் முன், இளம் துளிராக இருக்கும்போதே அடியோடு கிள்ளி எடுத்துவிட வேண்டும்.