ஏஜெண்டுக்கு அல்ஜிப்ரா டூல்: ஒரே சிம்ப்ளிஃபையா, தனித்தனி ஃபங்ஷனா?

ஏஐ ஏஜெண்ட்டை மனசுலயே கணக்கு போட விட்டா எங்கயாவது ஒரு மைனஸ் குறி காணாம போயிடும், அதனால சிம்பை (SymPy, எக்ஸ் மாதிரி எழுத்துகளோட அல்ஜிப்ரா போடுற பைத்தான் லைப்ரரி) மாதிரி ஒண்ணை, ஏஜெண்ட் தேவைப்படும்போது கூப்பிடுற டூலா கொடுக்குறதுதான் சரி. ஆனா எப்படி கொடுக்குறது?

முதல் வழி, சிம்ப்ளிஃபைன்னு ஒரே டூல். ஏஜெண்ட் யோசிக்கவே வேண்டாம், சைன் ஸ்கொயர் ப்ளஸ் காஸ் ஸ்கொயர் கொடுத்தா 1 வந்துடும். பிரச்சனை என்னன்னா அது உள்ளுக்குள்ள பல வழிய முயற்சி பண்ணிட்டு தனக்கு எது சின்னதா படுதோ அதைத்தான் கொடுக்கும், எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 2எக்ஸ் ப்ளஸ் 1 கொடுத்தீங்கன்னா காரணிப்படுத்தாம அப்படியே திருப்பி தரும், பெரிய கோவைன்னா ரொம்ப நேரமும் எடுக்கும்.

ரெண்டாவது, ஃபேக்டர் (காரணிப்படுத்த), எக்ஸ்பாண்ட் (அடைப்பை விரிக்க), கேன்சல் (பின்னத்துல பொதுக்காரணியை நீக்க)னு தனித்தனியா கொடுக்குறது. ஃபேக்டர் கூப்பிட்டா அதே கோவை (எக்ஸ்+1) ஸ்கொயரா வரும், பதில் எந்த வடிவத்துல வரும்னு முன்னாடியே தெரியும். ஏஜெண்ட் அடுத்த ஸ்டெப் போகணும்னா இதுதான் முக்கியம், என் ஓட்டு இதுக்குத்தான். சின்ன மாடல் சில நேரம் தப்பான ஃபங்ஷனை எடுக்கும், டூல் விளக்கத்தை தெளிவா எழுதுனா பெரும்பாலும் சரியாகிடும்.

எதை எடுத்தாலும் எக்ஸ் மாதிரி மாறி (variable) பாசிட்டிவ்னு ஏஜெண்ட் சொல்ல டூல்ல ஒரு இடம் வைங்க, சொல்லலன்னா எக்ஸ் ஸ்கொயரோட வர்க்கமூலம் எக்ஸ்னு சுருங்கவே சுருங்காது, எக்ஸ் நெகட்டிவாவும் இருக்கலாம்ங்கறதால சுருங்காம இருக்குறதுதான் சரியும்கூட. அப்புறம் ஸ்ட்ரிங்கை கோவையா மாத்துற சிம்பையோட சிம்பிஃபை (sympify) ஃபங்ஷனுக்குள்ள இவால் (eval, ஸ்ட்ரிங்கை பைத்தான் கோடாவே ஓட்டுறது) ஓடுது, ஏஜெண்ட் அனுப்புற ஸ்ட்ரிங்கை சாண்ட்பாக்ஸ் (மத்த சிஸ்டத்தை தொட முடியாத தனி இடம்) இல்லாம நேரா அதுல போடாதீங்க.